கற்றவர் கடன்: சிந்தனைச் சிற்பி ம. சிங்காரவேலர்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிலைத்து நிற்பது எளிய செய்தியன்று. இரவும் பகலும் முறைவைத்து ஆலைகள் ஓடும் இந்தப் பகுதியில், முறைமாற்றிக்கொண்டு ஓடிவந்து கவிதை கேட்பவர்கள் இருக்கிறார்கள் என்பதே தமிழுக்குப் பெருமை. அந்தப் பெருமைக்கு உரியவர்களின் முன்னே நின்று பேசும் வாய்ப்பை எனக்கு அளித்த வட்டத்தாருக்கு முதற்கண் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

மறைந்த வழக்கறிஞரும் அரசியல் தலைவருமான ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும், தாம் கற்ற கல்விக்கு அவர் செய்த கைம்மாறு என்ன என்பதையும் சொல்ல வேண்டும் என்று என்னைப் பணித்தார்கள். நான் தேர்ந்துகொண்ட பெயர் சிந்தனைச் சிற்பி ம. சிங்காரவேலர். இன்று கல்லூரிதோறும் பழைய மாணவர் சங்கங்கள் உள்ளன. அவை ஆண்டுக்கொருமுறை கூடுகின்றன. ஏழை மாணவர்க்கு உதவித்தொகை வழங்குகின்றன. தாம் பயின்ற நிறுவனத்திற்குக் கட்டடமும் எழுப்பித் தருகின்றன. அனைத்தும் நற்பணிகளே. ஆயினும் சிங்காரவேலரின் வாழ்க்கை அவற்றினும் கடினமான ஒரு கேள்வியை நம்முன் வைக்கிறது. கல்லூரி வாயிலை மிதிக்கவே இயலாத மக்களுக்குப் பழைய மாணவன் ஒருவன் பட்டிருக்கும் கடன் என்ன? அந்தக் கடனை அவர் எவ்வாறு தீர்த்தார்? இவ்விரண்டைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

கடற்கரையிலிருந்து கல்லூரிக்கு

சிங்காரவேலர் 1860ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 18ஆம் நாள் சென்னையில் மீனவர் குலத்தில் பிறந்தார். பெற்றோர் வேங்கடாசலம், வள்ளியம்மை. வலையும் கட்டுமரமும் அறிந்த குலத்திலிருந்து ஒரு பிள்ளை ஆங்கிலக் கல்விக்குச் செல்வது அந்நாளில் அரிது. அவர் கிறித்தவக் கல்லூரியில் படித்து 1884இல் எஃப்.ஏ. தேர்வில் தேறினார். பின்னர் மாநிலக் கல்லூரியில் பட்டப்படிப்பு; அதன்பின் சட்டம்.

இந்தக் கல்விக்கூடங்கள் இருந்த இடங்களை இளைஞர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கிறித்தவக் கல்லூரி 1937இல்தான் தாம்பரத்துக்குச் சென்றது. அதற்கு முன் அது உயர்நீதிமன்றத்துக்கு எதிர்ப்புறம், இன்றைய பாரிமுனைப் பகுதியில் இருந்தது. பச்சையப்பர் அறக்கட்டளையின் முதற் கல்விக்கூடமும் அந்தச் சுற்றுவட்டத்தில் தோன்றியதே. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரும் சட்டப் புத்தகம் சுமந்தவரும் ஒரே தெருவில் எதிரெதிரே நடந்த காலம் அது. அருகருகே நடந்தார்கள், ஆனால் ஒருவர் உலகம் மற்றவருக்குத் தெரியாது. அந்த இரண்டு உலகங்களையும் பிறப்பாலும் படிப்பாலும் ஒருங்கே அறிந்தவராகச் சிங்காரவேலர் இருந்தார். அவருடைய பிற்கால வாழ்வு முழுமைக்கும் வித்து இதுவே.

அவர் சட்டத்துறையில் நுழைந்தது இளமையில் அன்று. 1907இல், தம் நாற்பத்தேழாம் அகவையில், சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவுசெய்துகொண்டார். அதற்கு முன்பே 1902இல் இலண்டன் சென்று சில திங்கள் தங்கி வந்தவர். பௌத்தத்தில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். பேராசிரியர் இலட்சுமி நரசு போன்றோருடன் சேர்ந்து சென்னையில் மகாபோதி சங்கப் பணிகளில் ஈடுபட்டார். பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை, காரணமின்றிக் காரியமில்லை என்னும் பௌத்த அறம் அவரைக் கவர்ந்தது. அறிவியலையும் பொதுவுடைமையையும் அவர் பின்னாளில் தழுவியபோது, அதற்கான நிலம் முன்னரே உழப்பட்டிருந்தது என்று சொல்லலாம்.

கறுப்பு அங்கி

வழக்கறிஞர் தொழிலில் அவருக்கு வருவாயும் மதிப்பும் இருந்தன. 1921இல், ஒத்துழையாமை இயக்கத்தின்போது, அத்தொழிலை அவர் துறந்தார். அப்போது அவர்க்கு அகவை அறுபத்தொன்று. அங்கியைக் களைந்ததைக் காந்தியடிகளுக்கும் எழுதித் தெரிவித்தார். சித்தரஞ்சன் தாசும் மோதிலால் நேருவும் இராசாசியும் அக்காலத்தில் நீதிமன்றத்தைத் துறந்தவர்களே. எனவே துறவு என்ற அளவில் இது தனிச்சிறப்பு ஆகிவிடாது. அங்கியைக் களைந்தபின் அவர் எங்கே சென்றார் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

அவர் தொழிலாளரிடம் சென்றார். அன்றைய வடசென்னையின் நிலையை எண்ணிப் பாருங்கள். 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், இராமாநுசலு நாயுடு ஆகியோர் பெரம்பூர்ப் பகுதியின் பக்கிங்காம், கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்களை ஒன்றுதிரட்டினார்கள். 1920இல் ஆலை நிருவாகம் உயர்நீதிமன்றத்தில் வாடியா முதலியோர் மீது வழக்குத் தொடுத்தது. வேலை ஒப்பந்தத்தை மீறுமாறு தொழிலாளரைத் தூண்டக்கூடாது என்று நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. சங்கம் வைப்பதே சட்டத்தின் கண்ணில் ஐயத்துக்கு உரியதாய் இருந்த காலம் அது. அந்த வழக்கின் எதிரொலியாகவே என்.எம். ஜோஷி 1921இல் மத்திய சட்டமன்றத்தில் தொழிற்சங்கங்களுக்குப் பாதுகாப்புக் கோரித் தீர்மானம் கொண்டுவந்தார். 1926இல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. இந்திய நாடு முழுமைக்கும் பயன்பட்ட ஒரு சட்டத்தின் வேர் நம் வடசென்னை மண்ணில் இருக்கிறது என்பதை இங்குள்ள கவிஞர்கள் மறந்துவிடலாகாது.

1921ஆம் ஆண்டு அதே ஆலைகளில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். அதைவிடக் கொடிய செய்தி வேறொன்று உண்டு. ஒரே கூரையின்கீழ் நூல்நூற்ற தொழிலாளர்கள் சாதியால் பிளவுண்டார்கள், புளியந்தோப்பில் ஒருவரையொருவர் தாக்கினார்கள், குடிசைகள் எரிந்தன. கூலி உயர்வு கேட்பதற்குச் சங்கம் போதும். சாதியை விட்டு ஒன்றுசேர்வதற்குச் சங்கத்தோடு வேறு ஓர் அறிவும் வேண்டும் என்பதை அந்த ஆண்டு காட்டியது. சிங்காரவேலர் தம் இறுதிக்காலம்வரை பொதுவுடைமையையும் சாதி ஒழிப்பையும் சேர்த்தே பேசியதற்குப் பின்னணி இதுவாகும்.

செங்கொடி

1922 இறுதியில் கயையில் காங்கிரசு மாநாடு கூடியது. அங்கே எழுந்து நின்று, தாம் ஒரு பொதுவுடைமையர் என்று சிங்காரவேலர் அறிவித்தார். பொதுவுடைமை என்ற சொல்லை உச்சரிப்பதே வழக்கில் சிக்குவதற்குப் போதுமானதாய் இருந்த காலத்தில், அவ்வளவு பெரிய அவையில் அதைச் சொன்னவர் அறுபது கடந்த முதியவர்.

அடுத்த ஆண்டு, 1923 மே முதல் நாள், இந்திய நாட்டில் முதன்முறையாக மே நாள் கொண்டாடப்பட்டது. அது நடந்தது நம் சென்னையில். உயர்நீதிமன்றத்துக்கு எதிர்ப்புறக் கடற்கரையில் ஒரு கூட்டம்; திருவல்லிக்கேணிக் கடற்கரையில் மற்றொன்று. இந்துஸ்தான் தொழிலாளர் விவசாயிகள் கட்சியை அவர் அன்று தோற்றுவித்தார். மே நாளை விடுமுறை நாளாக அறிவிக்குமாறு அரசை வேண்டித் தீர்மானமும் நிறைவேறியது. ஈராண்டுக்கு முன்வரை அவர் கறுப்பு அங்கியுடன் சென்ற அதே நீதிமன்றக் கட்டடத்தின் எதிரே, மணல்வெளியில், செங்கொடி ஏறியது.

கட்சிக்காக ஆங்கிலத்தில் ஓர் இதழும், தமிழில் ‘தொழிலாளன்’ என்னும் இதழும் நடத்தினார். இரண்டு மொழியிலும் இதழ் நடத்தியதில் அவருடைய நோக்கம் தெளிவாகத் தெரிகிறது. ஆட்சியாளரும் படித்தவரும் அறிய ஒன்று. யாருக்காகக் கட்சி தோன்றியதோ அவர்கள் அறிய மற்றொன்று.

1925 டிசம்பரில் கான்பூரில் நடந்த இந்தியப் பொதுவுடைமையரின் முதல் மாநாட்டிற்கு அவரே தலைமை தாங்கினார். தலைமையுரையில் தீண்டாமையைப் பற்றிப் பேசினார். உழைப்போரின் வறுமையோடும் உரிமையின்மையோடும் பின்னியதாக அதைக் கண்டார். அக்காலத்தில் சென்னை மாநகராட்சியின் உறுப்பினராகவும் இருந்தார். உலக அரசியல் பேசியவர், தெருக்குழாயும் பள்ளிக்கூடமும் பேசும் அவையிலும் அமர்ந்தார். 2011இல் சென்னை மாநகராட்சியின் எல்லை விரிந்தபோது நம் ஊரும் அதனுள் வந்தது. அந்த மன்றத்தில் நமக்கு ஒரு முன்னோர் இருந்தார் என்று உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

குற்றவாளிக் கூண்டில்

1924இல் கான்பூர்ச் சதிவழக்கில் அவர் பெயரும் சேர்க்கப்பட்டது. உடல்நலக் குறைவால் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்படவில்லை. ஆனால் 1928இல் அந்த விலக்கும் கிட்டவில்லை. தென்னிந்திய இரயில்வேயில் ஆட்குறைப்பை எதிர்த்து அந்த ஆண்டு சூலையில் மாபெரும் வேலைநிறுத்தம் எழுந்தது. பொன்மலை, நாகப்பட்டினம் எனத் தென்னகமெங்கும் தொழிலாளர் களத்தில் நின்றனர். சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் கைதாயினர். பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அறுபத்தெட்டு வயதில் பத்தாண்டு! தண்டனை பின்னர்க் குறைக்கப்பட்டு, 1930இல் விடுதலையானார்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். ஒரு சிறந்த வழக்கறிஞர் அங்கியைக் களையாமல் இருந்திருந்தால், தொழிலாளருக்காக நீதிமன்றத்தில் வாதாடி மேலும் நன்மை செய்திருக்கலாமே என்று கேட்போர் உண்டு. அந்தக் கேள்வியை நான் புறந்தள்ளவில்லை. கப்பலோட்டிய தமிழர் வ.உ.சி.யை எண்ணிப் பாருங்கள். அவரும் வழக்கறிஞர். 1908இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் போராட்டத்துக்குத் துணைநின்றார், சிறை சென்றார், வழக்கறிஞர் உரிமத்தை இழந்தார், விடுதலைக்குப் பின் வறுமையில் வாடினார், நெடுநாளுக்குப் பின்னரே உரிமத்தைத் திரும்பப் பெற்றார். அவரிடமிருந்து அரசு பறித்ததை, இவர் தாமே களைந்து வைத்தார். இருவரும் கண்ட உண்மை ஒன்று. ஒருவருக்காக வாதாடும் வழக்கறிஞர் தேவை. தமக்காகத் தாமே பேசக் கற்ற மக்கள் அதனினும் தேவை. சிங்காரவேலர் பின்னதைத் தேர்ந்துகொண்டார். வழக்குகளில் வாதாடியவர் என்பதற்காக அவரை இன்று யாரும் நினைப்பதில்லை. அவர் பேசக் கற்றுக்கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த அவையில் அமர்ந்திருக்கிறார்கள்.

நூலகமும் பழைய மாணவரும்

இனி, நான் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருகிறேன். அவருடைய இல்லம் திருவல்லிக்கேணிப் பகுதியில் தென்கடற்கரைச் சாலையில் இருந்தது. அந்த இல்லமே கட்சி அலுவலகம், அதுவே நூலகம். பல்லாயிரம் நூல்களை அவர் சேர்த்து வைத்திருந்தார். வெளிநாடுகளிலிருந்து வரவழைத்த அறிவியல், மெய்யியல், பொருளியல் நூல்கள் அவற்றுள் மிகுதி. அரசு தடைசெய்த நூல்களும் அவரிடம் வந்துசேர்ந்தன. நாட்டுக்காகப் படிக்க விரும்பிய இளைஞர்களுக்கு அந்தக் கதவு திறந்திருந்தது. ஜீவா போன்ற அடுத்த தலைமுறையினர் அவருடைய சிந்தனையால் உரம்பெற்றனர். பாவேந்தர் பாரதிதாசன் அவரைப் பாடிப் போற்றினார்.

பழைய மாணவர் பலர் தம் கல்லூரிக்குச் செல்வத்தைத் திருப்பித் தருவார்கள். சிங்காரவேலர் கல்லூரியையே கடற்கரைக்குக் கொண்டுவந்தார். நுழைவுத்தேர்வும் கட்டணமும் அங்கே இல்லை. எந்தச் சங்கத்தின் ஆண்டறிக்கையிலும் இடம்பெறாத பணி இது. ஆயினும் பழைய மாணவர் தொண்டு என்ற சொல்லுக்கு இதைவிட நிறைவான பொருளை நான் அறியேன்.

இந்த நூலகத்துக்கு நேர்ந்த கதி நமக்கு ஒரு பாடமும் ஆகும். அவர் மறைவுக்குப் பின் அது ஒரே இடத்தில் முழுமையாகக் காக்கப்படவில்லை, சிதறிப்போயிற்று. ஒரு தமிழர் வாழ்நாளெல்லாம் தேடித் தொகுத்த அறிவுச் செல்வம் அது. அவர் பெயரைச் சொல்லி மாலை சூட்டியவர்கள் பலர். ஓர் அலமாரியைக் காத்திருந்தால் அந்த மாலைகளுக்கெல்லாம் பொருள் இருந்திருக்கும். நல்வாய்ப்பாக, அவர் எழுத்துகள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. கே. முருகேசனும் சி.எஸ். சுப்பிரமணியமும் அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்து 1975இல் ஆங்கிலத்தில் நூலாக்கினார்கள். பா. வீரமணியும் முத்து. குணசேகரனும் அவர் எழுத்துகளைத் தேடித் தொகுத்துச் சிந்தனைக் களஞ்சியமாகத் தமிழுலகிற்கு அளித்தார்கள். பழைய இதழ்களின் உதிரும் தாள்களைப் புரட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த உழைப்பின் அருமை தெரியும்.

தமிழுக்குத் தந்தவை

இலக்கிய வட்டத்தில் நிற்கும் நான், அவர் தமிழுக்குச் செய்ததைப் பேசாமல் அமைய முடியாது. சிறையிலிருந்து மீண்ட பின் அவர் மிகுதியாக எழுதினார். 1932 இறுதியில் ஈரோட்டில் பெரியார் கூட்டிய தன்மதிப்பு இயக்கத்தாரின் கூட்டத்தில் சமதர்மத் திட்டத்தை வகுத்துத் தந்தவர் சிங்காரவேலரே. குடி அரசு இதழில் அவர் கட்டுரைகள் தொடர்ந்து வந்தன. 1934இல் பொதுவுடைமைக் கட்சி தடைசெய்யப்பட்டது. அடுத்த ஆண்டில் பெரியார் சமதர்மப் பரப்புரையைத் தளர்த்தினார். அந்த நிலைப்பாட்டில் சிங்காரவேலர் மாறுபட்டார். மாறுபட்டதை மறைக்காமல் எழுதினார். 1935இல், தம் எழுபத்தைந்தாம் அகவையில், ‘புது உலகம்’ என்னும் திங்களிதழைத் தொடங்கினார்.

டார்வினின் படிவளர்ச்சிக் கொள்கை, ஐன்ஸ்டைனின் சார்பியல், வானியல், உளவியல், மார்க்சியம் ஆகியவற்றை அவர் தமிழில் எழுதினார். ‘கடவுளும் பிரபஞ்சமும்’ முதலிய நூல்கள் அவ்வகையில் வந்தவை. அவர் நடையில் வடசொற்கள் மிகுதி, தொடர்கள் நீளமானவை. இன்றைய செவிக்கு அவை சற்றுக் கரடாகத் தோன்றலாம். அக்காலத்தில் கலைச்சொல் அகராதிகள் இன்றுள்ளவாறு வளரவில்லை; அறிவியலைத் தமிழில் சொல்ல முடியுமா என்பதே கற்றவரிடையே வாதமாக இருந்தது. வாதத்தில் காலங்கழிக்காமல் அவர் எழுதிக் காட்டினார். படிப்பவர் ஆலைத் தொழிலாளி, அச்சுக் கோப்பவர், இரயில்வே எழுத்தர் என்பதை அறிந்தே எழுதினார். அவர்களுக்குப் புரியாது என்று எண்ணி அறிவைக் குறைத்துத் தரவில்லை. எளியவனுக்கு எளிய அறிவு போதும் என்ற எண்ணத்தை அவர் ஒருநாளும் ஏற்றதில்லை. அவருடைய தமிழில் நான் காணும் பேரழகு இதுதான்.

1945இல் சென்னையில் கூடிய அச்சுத் தொழிலாளர் மாநாட்டிற்கும் அவர் வந்தார். அகவை எண்பத்தைந்து. தம் எழுத்தையெல்லாம் அச்சுக்கோத்துத் தந்த தோழர்களிடையே அவர் பேசினார். அடுத்த ஆண்டு 1946 பிப்ரவரி 11ஆம் நாள் காலமானார். எண்பத்தாறு நிறைவதற்கு ஏழு நாள்களே இருந்தன.

நாம் செய்ய வேண்டுவன

அன்பர்களே, இராசாசி சாலையில் உள்ள சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் சிங்காரவேலர் மாளிகை என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. 2018இல் சென்னை மாவட்டத்தின் எல்லை வடக்கே விரிந்தது. பட்டாவுக்கும் உதவித்தொகைக்கும் நம் பகுதியினர் மனு ஏந்தி ஏறும் படிகள் அவர் பெயருடைய மாளிகையின் படிகளே. அந்த மனுவை எழுதத் தெரியாமல் வாயிலில் அமர்ந்திருப்பவருக்குக் காசு கொடுத்து எழுதுவிக்கும் நிலை நம்மவருக்கு இன்னும் இருக்கிறது. ஆண்டுதோறும் பிப்ரவரியில் அவருக்கு மாலை அணிவிக்கிறோம். அவர் தீர்க்க முயன்ற குறை அவர் பெயருடைய கட்டடத்தின் வாயிலிலேயே காத்துக்கொண்டிருக்கிறது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கலந்து கொசத்தலையாற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் பரவியதை இங்குள்ளோர் கண்ணால் கண்டீர்கள். வலையும் படகும் கருத்தன. இறால் பிடிப்போரின் கைகள் கருத்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்தது. ஆணைகள் பிறந்தன, அறிக்கைகள் தாக்கலாயின. அவை அனைத்தும் ஆங்கிலத்தில். யாருடைய ஆற்றைப் பற்றி அவை பேசினவோ, அவர்களுள் எத்தனை பேர் அவற்றைப் படித்திருப்பார்கள்? சிங்காரவேலர் இன்று இருந்திருந்தால் அந்த ஆணைகளைத் தமிழில் எழுதி, துண்டறிக்கையாக அச்சிட்டு, மீன் ஏலம் விடும் இடத்தில் நின்று படித்துக் காட்டியிருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டத்தின்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, திங்கள்தோறும் கூடும் கூட்டத்தில் கவிதை வாசிப்பதற்கு முன் சிங்காரவேலரின் கட்டுரை ஒன்றைப் படித்து உரையாட வேண்டும். அவர் கருத்தை ஏற்கலாம், மறுக்கலாம். படிக்காமல் போற்றுவது மட்டும் வேண்டாம். அவரே அதை விரும்பியிருக்க மாட்டார்.

இரண்டாவது, இந்தப் பகுதியின் ஆலைகளிலும் துறைமுகத்திலும் உழைத்த முதியவர்களின் நினைவுகளையும், தொழிற்சங்கத் துண்டறிக்கைகளையும், பழைய ஆண்டுமலர்களையும் தேடித் தொகுத்து ஓர் அலமாரியில் வைக்க வேண்டும். பக்கிங்காம், கர்னாடிக் ஆலைகள் 1996இல் மூடப்பட்டன. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் ஓய்ந்தது. பர்மாவிலிருந்து வந்து நம் ஊரில் குடியேறியவர்களின் முதல் தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது. ஆலை மூடினால் புகை நிற்கும். அங்கே உழைத்தவர் மறைந்தால் அவர் அறிந்த கதையும் நின்றுவிடும். ஒரு பெரும் நூலகத்தைச் சிதறவிட்ட நகரம் இது. ஒரு சிறிய அலமாரியையாவது நாம் காப்போம்.

மூன்றாவது வேண்டுகோள் நம் பிள்ளைகளுக்கு. சென்னைச் சட்டக் கல்லூரி உயர்நீதிமன்ற வளாகத்திலிருந்து 2018இல் வெளியேறி, பட்டறைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் சென்றுவிட்டது. ஆயினும் இந்தப் பகுதியின் பிள்ளைகள் சட்டம் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். மீனவர் வீட்டிலும் தொழிலாளர் வீட்டிலும் முதல் பட்டதாரிகள் தோன்றியிருக்கிறார்கள். பட்டம் பெற்றதும் அவர்கள் பழைய மாணவர் ஆகிறார்கள்; கடன் அன்றே தொடங்குகிறது. வாரத்தில் ஒருநாள், ஒரு மணி நேரம், இந்த மன்றத்தில் அமர்ந்து மக்களின் மனுக்களைத் தமிழில் எழுதித் தரட்டும். தீர்ப்பாய ஆணைகளைத் தமிழாக்கிப் படித்துக் காட்டட்டும். அதன் சொல்நயத்தைத் திருத்தித் தருவது கவிஞர்களின் பொறுப்பாகட்டும்.

கவிஞர்களுக்கு ஒரு சொல். நீங்கள் எழுதும் வாழ்த்துப்பாக்களில் சிங்காரவேலரைச் சூரியன் என்கிறீர்கள், சிங்கம் என்கிறீர்கள். தவறில்லை. ஆனால் அவர் நாற்பத்தேழு வயதில் வழக்கறிஞரானதும், அறுபத்தொன்றில் அதை விட்டதும், அறுபத்தெட்டில் சிறை சென்றதும், எழுபத்தைந்தில் இதழ் தொடங்கியதும் எந்த உவமையைக் காட்டிலும் வலிமையுடையவை. முதுமை வந்துவிட்டது, இனி என்ன என்று எண்ணுவோருக்கு அந்த நான்கு எண்களே கவிதை. அவற்றை எழுதுங்கள்.

கல்வி என்பது ஒருவர் தேடிய சொத்து என்று உலகம் கருதுகிறது. சிங்காரவேலர் அதை ஊராரிடம் வாங்கிய கடனாகக் கருதினார். வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சென்றார். நம் கணக்கு இன்னும் தீரவில்லை. அதைத் தீர்க்கும் பணியை இந்த வட்டம் தன் அடுத்த பத்தாண்டில் மேற்கொள்ளும் என்ற நம்பிக்கையோடு அமைகிறேன்.